ஏழாயிரம் சூரியன்களும் எட்டாயிரம் மணி நேரமும்

தரமணியில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலருக்கு ஓர் ஆசை. 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டின் கற்பனை உலகத்துக்குத் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும். விக்கி முறையில், விளையாடுகிறவர்களே சேர்ந்து எழுத வேண்டும். எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடும் வேலை என்னிடம் வந்தது. போட்டுப் பார்த்தேன். முதல் ஆண்டு ரொக்கச் செலவு 49,100 ரூபாய். ஆறேழு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு ஒரு தீபாவளிச் செலவுகூட வராது. அதே தாளின் அடியில் இன்னொரு எண்ணும் வந்து நின்றது: 8,000 மணி நேரம். கலைக்களஞ்சியத்தின் உண்மையான விலை அதுதான்.

விளையாட்டைப் பற்றி நாலு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று வெளியிட்டது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சூரிய மண்டலங்கள், நான்கு பேரரசுகள். விளையாட்டுக்குள் வருகிறவர்கள் தனித்தனி அறைகளில் அடைபடாமல் ஒரே உலகத்தில் உலவுகிறார்கள். அதனால் இதற்கு இரண்டு சரித்திரம் உண்டு. பேரரசுகளின் கதை நிறுவனம் எழுதியது. கூட்டணி, துரோகம், படையெடுப்பு எல்லாம் விளையாடுகிறவர்களே இருபது ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருப்பது. முதல் சரித்திரத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து தொகுத்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் பல பேர் வேண்டும்.

எத்தனை பதிவு எழுதுவது என்பதில்தான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. கற்பனை உலகங்களின் பரப்பு சாதாரணமானது இல்லை. 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய 'எலைட்' விளையாட்டில் 8 விண்மீன் திரள்கள், திரளுக்கு 256 கோள்கள், ஆக 2,048. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் இது ஓடியது. கோள்களைச் சேமித்து வைக்க அதில் இடம் இல்லை. ஒரு சூத்திரத்தை வைத்துத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொண்டார்கள். அந்தச் சூத்திர வித்தை 2016-இல் வந்த 'நோ மேன்'ஸ் ஸ்கை'யில் உச்சத்துக்குப் போனது. அதில் கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. 18-ஐ எழுதிப் பக்கத்தில் 18 பூஜ்யம் போட்டால் கிட்டத்தட்ட வரும். ஒரு கோளுக்கு ஒரு நொடி என்று பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். நிஜப் பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். எலைட்டின் வாரிசாக 2014-இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டில் 40,000 கோடி மண்டலங்கள். ஐந்தாண்டு விளையாடியபின் ரசிகர்கள் எட்டிப்பார்த்தது 0.042 சதவீதம் என்று 2020-இல் அந்நிறுவனமே கணக்குச் சொன்னது. சதவீதமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் அது ஏறக்குறைய 17 கோடி.

இந்த உலகங்களைப் 'பதிவு' செய்ய நினைப்பவர் தோற்றே தீருவார். ஈவ் உலகம் அப்படியில்லை, ஏழாயிரம் என்பது மனிதனால் எட்டக்கூடிய எண். அதுதான் அதன் ஆபத்தும்.

"சார், ஏழாயிரமும் பாட் போட்டு ஒரே ராத்திரியில ஏத்திடலாம்" என்றார் நண்பர்களில் இளையவர். உண்மைதான், ஏற்றிவிடலாம். மண்டலங்களின் பெயர், பாதுகாப்பு மதிப்பு, பக்கத்து மண்டலங்கள் என்று எல்லாத் தரவையும் சிசிபி நிறுவனமே கோப்பாகத் தருகிறது. கையால் எழுதினால் பதிவுக்கு அரை மணி நேரம் வீதம் 3,500 மணி நேரம் பிடிக்கும் வேலை, ஒரு நிரலுக்குக் கொடுத்தால் விடிவதற்குள் முடியும்.

தமிழில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உண்டு. அவற்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் தானியங்கி கொண்டு கட்டுரை ஏற்றப்பட்டது. மக்கள்தொகை, வார்டு எண்ணிக்கை, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு என்று வரிசையாக எண்கள். ஓர் ஊரின் பெயரை மாற்றிவிட்டால் அடுத்த ஊரின் கட்டுரை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊராட்சி என்பது நிஜம். அங்கே பிறந்தவர் ஒருநாள் வந்து கோயிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ இரண்டு வரி சேர்ப்பார். ஈவ் உலகத்தின் மூலையில் கிடக்கும் ஒரு மண்டலத்துக்குச் சொந்த ஊர்க்காரர் எவரும் வரப்போவதில்லை. அங்கே எண்கள் எண்களாகவே கிடக்கும். எனவே என் மதிப்பீட்டில் மண்டலங்களுக்குத் தனிப்பதிவு கிடையாது. தேடக்கூடிய ஒரே அட்டவணை போதும். ஏதாவது நடந்த இடத்துக்கு மட்டும் பதிவு. இந்த ஒரே முடிவில் பதிவுகள் 8,500-இலிருந்து 1,500-க்கு இறங்கின.

எண்ணிக்கை ஆசை பொல்லாதது என்பதற்கு இன்னொரு கணக்கு. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் 2003-இல் தொடங்கிய மெமரி ஆல்ஃபா ஐம்பதாயிரம் கட்டுரைகளைத் தாண்டியது. ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் 2005 மார்ச்சில் தொடங்கிய வூக்கிப்பீடியா ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017 மே மாதம் ஒரு லட்சத்தைத் தொட்டு, பிறகு அதுவும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அதாவது, இல்லாத ஒரு விண்மீன் திரளுக்கு ஆங்கிலத்தில் எத்தனை கட்டுரையோ, சங்க இலக்கியம் முதல் சர்க்கரை நோய் வரை உலகம் முழுமைக்கும் தமிழில் ஏறக்குறைய அத்தனைதான். இதைச் சொன்னதும் நண்பர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், "அப்ப நாம விக்கிப்பீடியாவுக்கே எழுதிடலாமே" என்றார். எழுதலாம்தான். ஆனால் ஆசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் உட்காருவான்.

ஆயிரத்து ஐந்நூறு பதிவுகளை இப்படிப் பிரித்தேன்: கப்பல்கள் 350, இடங்கள் 300, தொழில்நுட்பமும் விளையாட்டு விதிகளும் 240, கதைமாந்தர் 200, விளையாடுவோரின் கூட்டணிகள் 200, போர்களும் வரலாறும் 150, பேரரசுகளும் குலங்களும் 60. நீளத்தைப் பொறுத்தவரை ஆயிரம் பதிவுக்கு 250 சொல் போதும். நானூறுக்கு 700 சொல். நூறு மட்டும் 2,500 சொல் நீள்கிற பெரிய கட்டுரைகள். பெருக்கினால் 2,50,000, 2,80,000, 2,50,000. மொத்தம் 7,80,000 சொற்கள். எண்ணிக்கையில் பதினைந்தில் ஒரு பங்கான பெரிய கட்டுரைகள், சொல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்குகின்றன. நேரத்தில் இன்னும் மோசம்.

வட்டு இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தரமணி' என்று எழுதினால் த, ர, ம, ண, இகரக் குறி என்று 5 குறிகள், 15 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 8 பைட். அதனால் தமிழ் உரை கொஞ்சம் கனம்தான். இருந்தாலும் சொல்லுக்கு 28 பைட் வீதம் நம் 7,80,000 சொற்களும் 22 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பதிவும் இருபது தடவை திருத்தப்பட்டு எல்லாப் பழைய வடிவங்களும் அப்படியே இருந்தாலும் அரை ஜிபி தாண்டாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரியது.

இனி நேரம். சிறு பதிவுக்கு ஒன்றரை மணி நேரம், நடுத்தரத்துக்கு 5, பெரியதற்கு 25 என்று வைத்தேன். 1,500, 2,000, 2,500; ஆக 6,000 மணி நேரம். சரிபார்ப்பு, மெய்ப்பு, பெயர் எழுத்துக் கூட்டலை ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 2,000. எட்டாயிரம் வந்துவிட்டது.

பெரிய கட்டுரைக்கு 25 மணி நேரமா என்று கேட்டார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டை. ஈவ் உலகின் குருக்ஷேத்திரம் என்றே அதைச் சொல்லலாம். சண்டை 21 மணி நேரம் நீடித்தது. பங்கெடுத்த பாத்திரங்கள் 7,548. ஒரே நேரத்தில் அந்த மண்டலத்துக்குள் இருந்தவர்கள் அதிகபட்சம் 2,670. கூட்டம் சேர்ந்தால் கணினி திணறும் என்பதால் விளையாட்டே காலத்தை மெதுவாக்கிக்கொள்ளும். உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் சண்டை நகர்ந்தது. அழிந்த டைட்டன் கப்பல்கள் 75. ஒரு பக்கம் 59, மறுபக்கம் 16. ஒரு டைட்டனைக் கட்டவே மாதக்கணக்கில் பல பேர் உழைக்க வேண்டும். மொத்த நஷ்டம் விளையாட்டு நாணயத்தில் 11 லட்சம் கோடி. நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம், மண்டலத்தின் மேல் உரிமையைத் தக்கவைக்கக் கட்ட வேண்டிய தவணை ஒன்று கட்டப்படாமல் போனது. உரிமை விழுந்தது, எதிரி உள்ளே வந்தான்.

இதை எழுதப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? இரு தரப்பும் எழுதிவைத்த சண்டைக் குறிப்புகளையும் நிறுவனத்தின் அறிக்கையையும் படிக்க 9 மணி நேரம். எது முதலில், எது அடுத்து என்று கால வரிசை போட 5. எழுத 6. வரைபடம், இழப்புப் பட்டியலுக்கு 2. தவணை ஏன் தவறியது என்பதற்குத் தோற்றவர்கள் சொன்னது ஒன்று, வென்றவர்கள் நம்பியது வேறு. இதைப் பாரபட்சமில்லாமல் நாலு வரியில் சொல்ல 3 மணி நேரம். கூட்டினால் 25. இதில் குறைக்க இடமில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பார்கள். முதல் வரைவுக்கு உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2009 முதல் சில ஆண்டுகள் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியும் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களுமாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் கொண்டுவந்து சேர்த்த கதையை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வாசகன் கேட்காத தலைப்புகள், தமிழாக நிற்காத வாக்கியங்கள் என்று தன்னார்வலர்கள் புகார் சொன்னார்கள். துப்புரவு வேலை பல ஆண்டு நீண்டது. எழுதும் நேரத்தை மிச்சம் பிடித்தால் திருத்தும் நேரத்தில் அது வந்து நிற்கும்.

பழைய கணக்கு ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1947-இல் தொடங்கிய வேலை. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர், பணமும் ஆதரவும் திரட்டியவர் தி. சு. அவினாசிலிங்கம். முதல் தொகுதி 1954-இல், ஒன்பதாவது 1963-இல், இணைப்பாகப் பத்தாவது 1968-இல். தொகுதிக்குச் சுமார் 750 பக்கம், எழுதியவர்கள் சுமார் 1,200 பேர், செலவு சுமார் 14 லட்சம் ரூபாய். பக்கத்துக்கு 187 ரூபாய் ஆகிறது. எழுதியவருக்குத் தலைக்கு ஆறு பக்கம். நம் 7,80,000 சொற்களைப் பக்கத்துக்கு 600 வீதம் அச்சிட்டால் 1,300 பக்கம், அவர்களின் இரண்டு தொகுதிக்குக் கீழே. ஆனால் எழுத 40 பேர்தான் என்றால் தலைக்கு 32 பக்கம். வேலை சிறியது, தோள்சுமை ஐந்து மடங்கு. அவர்களுக்கு அலுவலகம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், இருபது ஆண்டுப் பொறுமையும் இருந்தது. அந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை' என்று தனி நூலாகவே எழுதியிருக்கிறார். விக்கி தொடங்க நினைக்கும் எவரும் முதலில் அதைப் படிக்கலாம்.

கற்பனை உலகத்துக்குக் களஞ்சியம் என்றால் தமிழில் அதற்கும் முன்னால் ஒருவர் போட்டுவிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வந்தது. அதில் நிறையப் புராண மாந்தர், அவர்களின் குலமுறை, சாபம், வரம், ஆயுதம். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருந்தால் எண் போட்டுப் பிரிப்பதும், ஒரே கதைக்கு இரண்டு புராணம் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் தருவதும் இன்றைய ரசிகர் விக்கிகளின் அன்றாட வேலை. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்துகொண்டே முதலியார் இதைச் செய்தார். தொகுக்கப் பிடித்தது சுமார் 20 ஆண்டு. விரித்த இரண்டாம் பதிப்பு 1934-இல், அவர் காலமானபின் வந்தது, 1,634 பக்கம். இங்கே ஒரு பொருத்தம்: நம் 8,000 மணி நேரத்தை ஒரே ஆள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் வீதம் செய்தால் அதற்கும் இருபது ஆண்டுதான் ஆகும்.

நாற்பது பேர் என்பது எப்படி வந்தது? வாரத்துக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், ஆளுக்கு 200 மணி நேரம். 8,000-ஐ 200-ஆல் வகுத்தால் 40. இந்த 40 பேர் கிடைப்பார்களா? யாகோப் நீல்சன் 2006-இல் எழுதிய ஒரு தோராயம் இணையத்தில் பிரபலம். நூறு பேர் வந்தால் 90 பேர் படித்துவிட்டுப் போவார்கள், 9 பேர் எப்போதாவது கைவைப்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார். அப்படியானால் 40 பேருக்கு 4,000 வாசகர் வேண்டும். ஈவ் விளையாடும் தமிழர், அதிலும் தமிழில் படிக்க விரும்புகிறவர் 4,000 பேர் இருக்கிறார்களா என்று நண்பர்களைக் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருப்பவர்களை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். 13 பேர் என்றால் மூன்று ஆண்டு. அதிலும் எல்லோரும் சமமாக எழுதப்போவதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க காலத்தில் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் கிட்டத்தட்டத் தனியாகவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய கட்டுரைகள் 4,000-க்கும் மேல். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். கூட்டு முயற்சி என்று சொல்லிக்கொள்ளும் எதிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் யார் என்று தொடங்கும்போது தெரியாது. ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

பணப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சர்வர் வாடகை மாதம் 1,500 வீதம் 18,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,240. தளப் பெயர் 1,000. வேறிடத்தில் ஒரு நகல் வைக்க 3,600. மாதம் ஒரு சந்திப்பு, 12 பேர், டீயும் போண்டாவும் தலைக்கு 40 ரூபாய், ஆண்டுக்கு 5,760. தரமணி நிலையத்துக்குப் பறக்கும் ரயிலில் டிக்கெட் சில்லறைக் காசுதான், அதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முழுநாள் பட்டறை: கூடம் 5,000, 25 பேருக்கு மதியச் சாப்பாடு 3,750, இரண்டுக்கும் சேர்த்து 17,500. மொத்தம் 49,100. மீடியாவிக்கி மென்பொருள் இலவசம். விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான். எட்டாயிரம் மணி நேரத்துக்கு மணிக்கு வெறும் 300 ரூபாய் கூலி போட்டால்கூட 24 லட்சம். கையிலிருந்து போகும் பணம் அதில் சுமார் 2 சதவீதம்.

சர்வர் செலவையும் மிச்சம் பிடிக்கலாமே, இலவசமாக இடம் தரும் தளங்கள் இருக்கின்றனவே என்ற பேச்சு வந்தது. அவற்றில் பெரியது ஃபேன்டம். ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004-இல் விக்கிசிட்டீஸ் என்ற பெயரில் தொடங்கியது. இடம் இலவசம், விளம்பரம் அவர்களுடையது. விளம்பரம் தாங்காமல் ரூன்ஸ்கேப் விக்கி 2018-இலும் மைன்கிராஃப்ட் விக்கி 2023-இலும் வெளியேறின. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்ததால் எழுத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. ஆனால் பழைய வீடு இடிக்கப்படுவதில்லை. பழைய நகல் அங்கேயே நிற்கும், தேடினால் அதுவே முன்னால் வரும். மாதம் 1,500 ரூபாய்க்கு நான் சொந்த வீட்டையே சொல்வேன்.

சட்டச் செலவுக்கு வரவு செலவில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஹாரி பாட்டர் உலகத்துக்கு ரசிகர் ஒருவர் தொகுத்த 'லெக்சிகன்' நூலாக வரவிருந்தபோது, ஜே. கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2008-இல் தீர்ப்பு. ஒரு கற்பனை உலகத்துக்கு அகராதி எழுதுவதே தவறு என்று நீதிபதி சொல்லவில்லை. மூல நூலின் வாசகங்களை அளவுக்கு மீறி அப்படியே எடுத்ததுதான் தவறு என்றார். இழப்பீடு 6,750 டாலர்: ஏழு நாவலும் இரண்டு துணை நூலும் ஆக 9, ஒவ்வொன்றுக்கும் 750. அன்றைய மதிப்பில் சுமார் 3 லட்சம் ரூபாய். நம் ஓராண்டு ரொக்கச் செலவைப் போல ஆறு மடங்கு. விளையாட்டுக்குள் வரும் கப்பல் விவரணையை அப்படியே தமிழாக்கி ஒட்டாமல் சொந்த வாக்கியத்தில் எழுதினால் இந்தப் பக்கம் தொல்லை இல்லை. அதற்குத்தான் சிறு பதிவுக்கும் ஒன்றரை மணி நேரம் வைத்தேன்.

நண்பர்கள் யாருமே கேட்காத கேள்வி பராமரிப்பு. களஞ்சியத்தை எழுதி முடித்தபின் ஆண்டுக்கு எவ்வளவு? கப்பல்களின் வலிமையை நிறுவனம் அடிக்கடி மாற்றும். பதிவுகளில் ஐந்தில் ஒன்றை ஆண்டுதோறும் திருத்த வேண்டிவந்தால் 300 பதிவு, 450 மணி நேரம். புதிதாக 100 பதிவு, 500 மணி நேரம். குப்பை விளம்பரம் அழிக்க நாளுக்குக் கால் மணி வீதம் 91. மொத்தம் 1,041. ஆளுக்கு 200 என்றால் ஐந்து பேர், என்றென்றைக்கும். இது நிதானமான காலத்துக் கணக்கு. 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸின் நாவல்கள், படக்கதைகள் பெரும்பாலானவற்றை இனி அதிகாரபூர்வக் கதையாகக் கொள்ளமாட்டோம் என்று லூகாஸ்ஃபிலிம் ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டது. வூக்கிப்பீடியாக்காரர்கள் லூக் ஸ்கைவாக்கருக்கு இரண்டு வாழ்க்கை வரலாறு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உரிமையாளர் ஒருவர் இருக்கும் கற்பனை உலகத்தில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டுக்கும் களஞ்சியம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, நூறு பதிவில் முடிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். ஜீனோ என்றதும் எல்லோர் முகமும் மலர்ந்தது; ஆனாலும் மனம் ஈவ் பக்கமே நிற்கிறது.

பராமரிப்பில் பணம் சம்பந்தப்பட்ட பெரிய அபாயம் ஒன்று: தளப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம். வழக்கமாக ஒருவரின் கிரெடிட் கார்டில் அது போய்க்கொண்டிருக்கும். அவர் வேலை மாறி வெளிநாடு போவார், கார்டு காலாவதியாகும், நினைவூட்டல் அஞ்சல் பழைய அலுவலக முகவரிக்குப் போகும். பி-ஆர்5ஆர்பியில் தவறிய தவணையைப் போல ஆயிரம் ரூபாயில் எல்லாம் கைமாறிவிடும். தரமணியிலேயே நடந்து போகும் தூரத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களுமாகச் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள்தான் அதன் அடித்தளம். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிச் சென்னையில் நிறுவனமாக வைத்ததால் அது பிழைத்தது. சேர்ப்பவர் வேறு, காக்கும் ஏற்பாடு வேறு. விக்கிக்கு அந்த ஏற்பாடு மலிவு: கட்டணம் மூன்று ஆண்டுக்கு முன்கூட்டியே, கடவுச்சொல் மூவரிடம், மாதம் ஒருமுறை முழு நகல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில்.

கடைசியாக அவர்களுக்கு ஒரு கெடு எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்று மாதத்தில் 100 பதிவு. அதில் குறைந்தது ஐந்து பெரிய கட்டுரையாக இருக்க வேண்டும். சர்வர் வாங்க வேண்டாம், பகிர்ந்துகொள்ளும் ஒரு கோப்புறையில் எழுதினால் போதும், செலவு டீக்கு மட்டும் 1,440 ரூபாய். மூன்று மாத முடிவில் 60-க்குக் கீழே நின்றால் ஈவ் யுனிவர்சிட்டி என்ற விளையாட்டுக் குழுவினர் நடத்தும் ஆங்கில விக்கிக்கு ஒரு தமிழ் வழிகாட்டி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். 60-ஐத் தாண்டினால் அந்த அறுபதில் பாதியை எழுதியவர் யார் என்று பார்த்து, தளப் பெயரை அவரைக் கேட்டு வைக்கலாம்.